எதிர்த்தரப்புக்கு ஒரு நகல்

என் அண்ணன் ஹெர்னானியை எங்கள் கரும்புத் தோட்டத்தில் எல்லோரும் அட்டர்னி என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் இன்னும் வக்கீல் ஆகவில்லை. பாகோலோட் நகரத்தில் பகலெல்லாம் ஒரு இரும்புக் கடையில் ஆணியும் தகரமும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கரும்பு லாரியின் மேலிருந்து யாராவது கத்துவார்கள்.

"அட்டர்னி! என் பொண்டாட்டி மேல ஒரு கேஸ் போடணும். சோத்துக்கு ஒரு கருவாடுகூடச் சுட்டுத் தர மாட்டேங்கறா!"

"முதல்ல அவங்க உங்க மேல போட்டிருக்கற கேஸ முடிப்போம் மானோங்!"

லாரி முழுக்கச் சிரிக்கும். அவனும் சிரிப்பான். வயதில் மூத்தவர்களை, ஆணானால் மானோங், பெண்ணானால் மானாங் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

அவன் படிப்பதற்காக நான் உயர்நிலைப் பள்ளியை இரண்டாவது வருடத்தோடு விட்டேன். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆனபோது அது யார் என்பதில் எங்களுக்குள் பேச்சே வரவில்லை. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். வக்கீலுக்கு வாய் வேண்டும். நான் அம்மாவோடு கரும்புக்குக் களை பிடுங்கப் போனேன். அவன் பழைய பாடப் புத்தகங்களை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பான். நான் படிப்பேன். புரிந்தது எது, புரியாதது எது என்று அவன் கேட்டதில்லை.

அந்த வருடம் அவனுக்குச் சட்டச் சீர்திருத்தமும் சமூக நீதியும் என்று ஒரு பாடம் இருந்தது. அதை நடத்தியவர் அட்டர்னி சோலிவா. ஐம்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமலேயே வகுப்பை நடுங்க வைப்பார் என்று அண்ணன் சொல்வான். உழுகிறவனுக்கு நிலம் என்று சட்டம் வந்து பல வருடம் ஆகியும் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் ஒரு முழம் நிலம் வரவில்லை. அது ஏன் என்பதைத்தான் அந்த வகுப்பில் படித்தார்கள்.

"சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கும்மா," என்று அவன் மீன் செதில் சுரண்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னான். "எனக்கு நிலம் வேண்டாம்னு தொழிலாளி எழுதிக் குடுத்துட்டா, அது முதலாளிகிட்டயே நின்னுடும். நம்ம தோட்டத்துல எல்லாரும் அப்படி எழுதிக் குடுத்ததா தாள் இருக்கு."

"எல்லாரும் கைநாட்டு வச்சோம். அரிசி வாங்கறதுக்குன்னு சொன்னானே கங்காணி."

"அதத்தான் சொல்றேன். மணிலாவுலேர்ந்து ஒரு கமிட்டி பாகோலோட்டுக்கு வருது. சட்டத்த மாத்தணுமான்னு விசாரிக்கப் போறாங்க. ஆளுக்கொரு மனு நாங்களும் குடுக்கணும். சும்மா குடுக்கக் கூடாது, சாட்சியோட."

"ஓட்டைய அடைக்கப் போறது நீயா?"

"நான் காட்டுவேன். அடைக்கறது அவங்க."

"மீன ஒழுங்கா சுரண்டு," என்றாள் அம்மா. "செதில் அப்படியே இருக்கு."

சாட்சி எங்கள் வரிசையிலேயே இருந்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மானாங் செலிங். புருஷன் செத்து நான்கு அறுவடை ஆகியிருந்தது. மகன் ரெய்னானும் மருமகளும் அவளோடுதான் இருந்தார்கள். ஊரே அட்டர்னி என்று கூப்பிட்டாலும் அவள் மட்டும் என் அண்ணனைத் தோதோ என்றுதான் கூப்பிடுவாள். சின்னப் பையன்களைக் கூப்பிடுகிற பெயர் அது. அவனைத் தூக்கி வளர்த்தவள்.

அவளுடைய கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். அடிபம்பில் துணி துவைக்கும்போது என்னிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் எதைச் சொன்னாலும் அது வெளியே போகாது என்று அவளுக்குத் தெரியும். இப்போது அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றதும், "இண்டாய் பக்கத்துல இருந்தா சொல்றேன்," என்றாள். இண்டாய் என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் எழுதினான்.

புருஷன் செத்தபோது தோட்டம்தான் சவப்பெட்டி கொடுத்தது. துக்க வீட்டில் வழக்கம்போல வாசலில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. கங்காணி டெலோய் ஒரு மூட்டை அரிசியோடு வந்தான். கொஞ்ச நேரம் தனியாக ஜெபம் பண்ண வேண்டும், இறந்தவர் எனக்கு அண்ணன் மாதிரி என்றான். செலிங் பின்கட்டுக்குப் போய்க் காபி கலந்தாள். மறுநாள் காலையில் பிணத்தின் கையில் இருந்த ஜெபமாலை தரையில் கிடந்தது. அதை எடுத்து மறுபடி கையில் சுற்றும்போது பார்த்தாள். கட்டைவிரல் ஊதா நிறத்தில் இருந்தது.

"முதல்ல விரல் அழுகுதுன்னு நினைச்சேன் தோதோ. ரெய்னானக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன்தான் மைம்மான்னு சொன்னான். தேங்காண்ணெய் போட்டுத் தேச்சேன். போகவே இல்ல. அந்த மையோடதான் புதைச்சோம்."

அண்ணன் எழுதுவதை நிறுத்தினான். பிறகு, "தாள்ல இருக்கற தேதி அவர் செத்த மறுநாள்," என்றான். "செத்தவர் வந்து நிலம் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"அவரு உயிரோட இருந்தப்பவே அதிகம் பேச மாட்டாரு," என்றாள் செலிங்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாக்குமூலத்தில் அவளுடைய முழுப்பெயர், வயது, தோட்டத்து வீட்டு எண் எல்லாம் எழுதவேண்டும் என்றான் அண்ணன். மை பார்த்த இன்னொருவன் என்று ரெய்னானின் பெயரும் வேண்டும். பெயர் இல்லாத வாக்குமூலத்தைக் குப்பையில்தான் போடுவார்கள். அவள் யோசித்தாள்.

"இது யார் கைக்குப் போகும்?"

"கமிட்டி கைக்கு."

"தோட்டத்துக்காரங்களுக்குத் தெரியறது எப்போ?"

"வர்ற வாரம் விட்டு அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை நீங்க கமிட்டி சபையில பேசும்போதுதான். அன்னிக்குப் பத்திரிகைக்காரங்க இருப்பாங்க. பேராயர் ஆபீஸ் ஆளுங்க இருப்பாங்க. அத்தனை பேர் பார்த்துட்ட பிறகு உங்க மேல கை வைக்க அவங்களுக்குத் தைரியம் வராது. நீங்களும் ரெய்னானும் கொஞ்ச நாள் பாகோலோட்டுலயே கன்னியாஸ்திரீ மடத்துல தங்கலாம். நான் பேசிட்டேன்."

"இண்டாயும் வரணும். என் பக்கத்துல உக்காரணும்."

"வருவா."

அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்தாள். வைத்துவிட்டு உடனே பம்புக்குப் போய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் மனுவைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தான். நீல அட்டை போட்டு, தட்டச்சு செய்து, அழகாக இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் சின்னச் சீட்டு ஒன்று பின் பண்ணியிருந்தது.

"இது என்ன, பஸ் டிக்கெட்டா?"

"பதிவுத் தபால் ரசீதும்மா. எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் அனுப்பிட்டேங்கறதுக்கு அத்தாட்சி. அட்டர்னி சோலிவா இதுல புலி. போன வாரம் ஒருத்தன் ரசீது இல்லாம மனு குடுத்தான். அப்படியே ஜன்னல் வழியா வீசிட்டாங்க. எதிர்த்தரப்புக்கு நகல் போகாத தாள் மனு இல்ல, மீன் மடிக்கற தாள்னாங்க. ஒருத்தன் மேல என்ன சொல்றோமோ அது அவனுக்கு முன்கூட்டியே தெரியணும். முதுகுக்குப் பின்னால பேசறது நீதி இல்ல."

அவன் அதைச் சொன்னபோது முகம் அத்தனை வெளிச்சமாக இருந்தது. அம்மா தலையாட்டினாள். நான் அந்த ரசீதைப் படித்தேன்.

"மானோங், எதிர்த்தரப்புன்னா யாரு?"

"தோட்ட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

கமிட்டிக்குக் கொடுக்கிற மனு வழக்கே இல்லை. அதில் எதிர்த்தரப்பு என்று ஒருவரும் கிடையாது. யாருக்கும் நகல் அனுப்ப வேண்டியதில்லை. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தேர்வில் கேட்டிருந்தால் பிழையில்லாமல் எழுதியிருப்பான். ஆனால் மூன்று வருடமாக ஒவ்வொரு வாரமும் வகுப்புக்காக ஒரு மனு எழுதி, ஒவ்வொரு மனுவின் அடியிலும் நகல் யாருக்கு என்று எழுதி, தபால் நிலையத்தில் வரிசையில் நின்று பழகிய கை அது. தானாக எழுதிவிட்டது. தோட்ட அலுவலகத்தின் விலாசத்தை அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கும் அதே விலாசம்தான்.

கடிதம் இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது என்ற நம்பிக்கையில், திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர்த் தபால் நிலையம் திறக்கும் முன்பே நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். அண்ணன் கடைக்குப் போகவில்லை. தபால்காரர் சோம்பல் முறித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"ஐயா, நான் அனுப்பின கடிதத்தை நானே திருப்பி வாங்கிக்க முடியுமா?"

"காதல் கடிதமா? அதெல்லாம் யோசிச்சு அனுப்பணும் தம்பி."

"தோட்ட ஆபீசுக்கு ஒரு பதிவுத் தபால்."

"தோட்டத்துத் தபாலெல்லாம் அவங்க கணக்குப்பிள்ளை வந்து சாக்குல வாங்கிட்டுப் போயிடுவாரே. வெள்ளிக்கிழமையே போயிடுச்சு." அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். "ஏன், தப்பான ஆளுக்கு அனுப்பிட்டியா?"

"சரியான ஆளுக்குத்தாங்க," என்றான் அண்ணன்.

அங்கிருந்து நேராக மானாங் செலிங் வீட்டுக்குப் போனோம். அவள் வாசலில் உட்கார்ந்து வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுல என் பேரு இருக்கா?"

"இருக்கு."

"ரெய்னான் பேரு?"

"இருக்கு மானாங். இப்பவே கிளம்பிடலாம். மடத்துல இன்னிக்கே சேத்துக்குவாங்க. ரெண்டு பேரும் வாங்க."

"அவன் வெட்டுக்குப் போயிருக்கான். சாயங்காலம்தான் வருவான்." அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு அனுப்பினே? அதச் சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். அம்மாவுக்கு அத்தனை அழகாகச் சொன்னது எதுவும் வரவில்லை.

"பழக்கத்துல," என்றான்.

"சரி அட்டர்னி," என்றாள் அவள். அன்றிலிருந்து அவனை அவள் தோதோ என்று கூப்பிடவில்லை.

ரெய்னான் சாயங்காலம் வரவில்லை. வெட்டு முடிந்து திரும்பும்போது, எருமைக்காகக் கரும்புத் தோகை ஒரு கட்டு தலையில் வைத்து எடுத்துவந்திருக்கிறான். தோகையை எல்லோரும்தான் எடுப்பார்கள். வெட்டுகிறவனுக்குத் தோகை என்பது எங்கள் அப்பா காலத்துக்கு முன்பிருந்தே உள்ள பழக்கம். அன்றைக்குக் காவல்காரர்கள் கட்டைப் பிரித்துப் பார்த்தார்களாம். தோகைக்கு நடுவில் முழுக் கரும்பு இருந்ததாம். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்க யாரும் இல்லை. இருட்டுவதற்குள் அவனைப் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள். முதலாளியின் சரக்கை வேலைக்காரனே திருடினால் எங்கள் நாட்டில் அது சாதாரணத் திருட்டு இல்லை. பல வருடம் உள்ளே போகிற குற்றம்.

மறுநாள் டெலோய் செலிங் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடி, வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் பேசினான்.

"புகார் குடுத்தது தோட்டம் மானாங். தோட்டமே வாபஸ் வாங்கினா முடிஞ்சு போச்சு. வெள்ளிக்கிழமை நீங்க பாகோலோட்டுக்குப் போகணும்னு ஆசப்பட்டீங்களாமே? எதுக்கு பஸ்ஸுல இடிபடணும்? எங்க வண்டியிலயே வாங்க."

வெள்ளிக்கிழமை நான் அண்ணனோடு சபைக்குப் போனேன். நான் பல்கலைக்கழகத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. பெரிய மண்டபம். மேடையில் கமிட்டிக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் தண்ணீர் பாட்டில்கள். மாணவர்கள் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன். மானாங் செலிங் புது கவுன் போட்டுக்கொண்டு டெலோயோடும் ஒரு வக்கீலோடும் உள்ளே வந்தாள். கவுனின் கழுத்தில் கடைச் சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. அவள் என்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அண்ணனின் மனு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அந்த வக்கீல் எழுந்தார். சாட்சியே தன் வாக்குமூலத்தை மறுக்க வந்திருப்பதாகச் சொன்னார். நகலை முன்கூட்டியே அனுப்பி வைத்த மாணவருக்கு நன்றி என்றும் சொன்னார். யாரோ இரண்டு பேர் மெல்லச் சிரித்தார்கள்.

மானாங் செலிங் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றாள்.

"என் புருஷன் உயிரோட இருந்தப்பதான் கைநாட்டு வச்சாரு. எனக்கு வயசாயிடுச்சு. அந்தத் தம்பி கேட்டாரு, நான் ஏதோ சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல."

"விரலில் மை இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்களே அம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லீங்க. ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருந்துச்சு."

"மாணவர் ஏதாவது கேட்க விரும்புகிறாரா?"

அண்ணன் எழுந்தான். அட்டர்னி சோலிவா அவனுக்குப் பின்வரிசையில் இருந்தார். முன்னால் குனிந்து, "தேதியக் கேளு," என்று சொன்னது எனக்கே கேட்டது. "அவரு செத்த தேதியக் கேளு. அது ஒண்ணு போதும்."

அது போதும்தான். இறந்த தேதியும் தாளில் உள்ள தேதியும் கையிலேயே இருந்தன. ஒரே கேள்வியில் அவள் பொய் சொல்கிறாள் என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். மனு நிற்கும். அந்தச் சட்டத்தில் இருக்கும் ஓட்டையை மணிலாக்காரர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அண்ணன் மானாங் செலிங்கைப் பார்த்தான். அவள் கைகளைக் கவுனின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"கேள்வி எதுவும் இல்லைங்க," என்றான் அண்ணன்.

மனு நீக்கப்பட்டது என்று தலைவர் சொன்னார். அடுத்த மனுவை எடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில் அட்டர்னி சோலிவா அண்ணனை நிறுத்தினார். கோபத்தில் அவர் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"ஒரே கேள்வி ஹெர்னானி. இந்தத் தீவு முழுக்க எத்தனை பேர் அதுக்காகக் காத்திருக்காங்க தெரியுமா?"

"தெரியும் அட்டர்னி. கேட்டிருந்தா பொய் சாட்சின்னு அவங்க மேல கேஸ் வந்திருக்கும். மகன் உள்ள, அம்மாவும் உள்ள."

அவர் மண்டபக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கமிட்டி மனுவுக்கு நகல் அனுப்பணும்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"இதுக்குன்னு சொல்லல அட்டர்னி. எல்லாத்துக்கும் சொன்னீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரவிக்கையின் ஓரத்தில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தோட்டம் சொன்னபடி வாபஸ் கடிதம் கொடுத்தது. ரெய்னான் வெளியே வரவில்லை. திருட்டு என்பது அரசாங்கத்துக்கு எதிரான குற்றம், புகார் கொடுத்தவர் வேண்டாம் என்றாலும் வழக்கு நடக்கும், காவல்காரர்களின் சாட்சி இருக்கிறதே என்று அரசு வக்கீல் சொல்லிவிட்டார். செலிங் தோட்ட அலுவலகத்துக்குப் போய் நின்றபோது டெலோய் கையை விரித்தான். "நாங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டோம் மானாங். கவர்மென்ட் விடலன்னா நாங்க என்ன பண்றது?" காவல்காரர்கள் தங்கள் சாட்சியை வாபஸ் வாங்கவில்லை. அதை யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை.

அண்ணனுக்கு இது முன்பே தெரியும். முதல் வருடப் பாடம் அது. மண்டபத்தில் அவள் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோதே, இந்தப் பொய்யால் மகன் வெளியே வரமாட்டான் என்று தெரிந்துதான் நின்றிருக்கிறான். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போதே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு முன்சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். எங்கள் நிறுத்தம் வரும்வரை நிமிரவில்லை.

சட்டத்தை மாற்றும் பேச்சு அந்த வருடம் அதோடு நின்றுவிட்டது. அட்டர்னி சோலிவா ரெய்னானுக்காக ஜாமீன் மனு போட ஒப்புக்கொண்டார். அவர் மேற்பார்வையில் மாணவனும் எழுதலாம் என்று விதி இருந்தது. அண்ணன் எழுதினான். சனிக்கிழமை மானாங் செலிங் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் படித்துக்காட்டினான். நகல் யாருக்கு என்கிற கடைசி வரி வந்ததும் அவன் குரல் இறங்கியது.

"இதுக்கும் அவங்களுக்கு ஒரு நகல் போகுமா அட்டர்னி?"

"போகணும் மானாங். இது நிஜமாவே கேஸ். அரசு வக்கீலுக்கு ஒண்ணு. புகார் குடுத்தவங்கன்னு தோட்டத்துக்கு ஒண்ணு."

"தபால்லயா?"

"நேர்ல குடுக்கறதுதான் முதல் வழி. தூரமா இருந்தாத்தான் தபால். நேர்ல குடுத்தா, வாங்கினேன்னு நம்ம தாள்ல அவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும். நான் கொண்டுபோறேன்."

"நீ இரு. நடந்து போற தூரம்தானே." அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இண்டாய், வா."

அறுவடைக்கு முன்பு கரும்புக்குத் தீ வைக்கிற நாட்கள் அவை. வழியெல்லாம் கருந்தூசி பறந்து எங்கள் தலையில் விழுந்தது. அவள் தாளைச் சட்டைக்குள் செருகி வைத்துக்கொண்டு நடந்தாள். அலுவலகத்தில் டெலோயும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். டெலோய் நகலைப் புரட்டிப் பார்த்தான்.

"உங்க அட்டர்னி இன்னும் அடங்கலயா? மானாங், நான் நல்லதுக்குச் சொல்றேன். அரவை முடியறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிடுங்க. மேல இருந்து சொல்லிட்டாங்க."

"சரி," என்றாள் அவள். எங்கள் தாளை மேசைமேல் வைத்தாள். "வாங்கினேன்னு போட்டுக் குடுங்க."

டெலோய் சிரித்தான். மேசை ஓரத்தில் இருந்த மைப் பெட்டியை விரலால் தட்டினான். "கைநாட்டு வச்சாப் போதுமா?"

கணக்குப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை.

"உங்களுக்கு உயிரு இருக்கே," என்றாள் மானாங் செலிங். "கையெழுத்தே போடுங்க."

டெலோயின் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளிவிட்டான். அவள் அதை எடுத்து மடித்து, மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

பம்பு வரைக்கும் வந்தபிறகு நின்றாள். தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். எரிந்த தோகை ஒன்று அதன்மேல் வந்து விழுந்தது. அவள் ஊதிவிட்டாள்.

"என்ன போட்டிருக்கான், படி."

"பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கு. இன்னிக்குத் தேதி. கீழ கையெழுத்து."

"பேரு தெளிவா இருக்கா?"

"இருக்கு மானாங்."

"தேதி?"

"அதுவும் இருக்கு."

அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.